பைபிள் உறைக்குள் நாவல்

வேலை தேடி நான் சுங்கைப்பட்டாணிக்குப் போன பஸ்ஸில், பாடாங் செராயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

“சபையில வாசிக்கக் கூப்பிட்டாங்கக்கா. பைபிள் உறையத் தொறந்தா, உள்ள நீங்க குடுத்த காதல் நாவல்!” என்றாள் இளையவள்.

“மாமியாருக்குத் தெரியாம ஒளிச்சு வச்சதா? அப்புறம்?”

“மனப்பாடமா தெரிஞ்ச சங்கீத வசனத்தச் சொல்லிட்டு எறங்கிட்டேன். மாமியார் மட்டும் மொறச்சாங்க.”

“கிழிச்சிட்டாங்களா?”

“வீட்டுக்கு வந்ததும், ‘கதையில டீச்சரக் கடத்துனது போதகர் தம்பிதானே?’ன்னு கேட்டாங்க. எனக்கு முன்னாலயே பாதி படிச்சிருக்காங்க!”

“நல்ல கதைன்னு சொன்னேன்லா! இந்தா, ரெண்டாம் பாகம். இனிமே உறைக்குள்ள வைக்காத.”

“அதுலதான் வைக்கணும்க்கா. மாமனாருக்குத் தெரியக்கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க.”