லூப் கயிறு

அந்தத் தடிக் கயிறு வேணாம் தங்கச்சி. தடியா இருந்தா அறாதுன்னு நெனைக்கிற. மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். வில்லு நாண இழுத்து விடுற ஒன் ரிலீசரக் குடு. இங்கன பாரு, இந்தக் கொக்கி வாய் எம்புட்டுச் சின்னது. தடிக் கயிறக் கட்டுனா இது முழுசா மூடாது. மூடுன மாதிரிதான் தெரியும். இழுத்து மொகத்துக்கிட்டக் கொண்டாரையில நழுவிரும். ஒன் கையே ஒன் தாடையில குத்தும். சிரிக்காத, எனக்கு நடந்திருக்கு. அந்த வாரம் பூரா கஞ்சிதான் குடிச்சேன்.

மதுமதிதான ஒம் பேரு? சிக்கல் ஊர்லருந்து நீ வாரேன்னு கோச் சொன்னாரு. நான் மரியதாசு, பாம்பன்.

கொக்கிய நாண்லயே மாட்டக் கூடாதான்னா கேக்குற? மாட்டலாம், நாண் தேஞ்சு போயிரும். அதுக்குத்தான் அம்பு உக்கார்ற எடத்துக்குப் பின்னால இந்தச் சின்னக் கயித்து வளையத்த, லூப்ப, கட்டுறது. இரும்பு லூப்பா? அது அறாது, நெசந்தான். ஆனா வெயிட்டு. அம்பு வேகம் கொறையும். ஒன் கை லேசாத் திரும்புனாலும் அது திரும்பாது. கயிறுன்னா வளைஞ்சு குடுக்கும்.

இந்தா, இந்த மெல்லிசு எடு. கொக்கி நொழையிற அளவுக்குச் சின்னதாக் கட்டு. நீளமா விட்டா, நீ இழுக்குற தூரமும் கூடிப் போயிரும். முனைய லைட்டர்ல காட்டி உருக்கு, காளான் மாதிரி குமிழ் வரணும். அது இல்லன்னா முடிச்சு உருவிக்கிட்டுப் போயிரும்.

நான் கட்ட மாட்டேன் தங்கச்சி. சொல்லித் தாரேன், நீ கட்டு. நீ இறுக்கும்போது மட்டும் நான் அந்தப் பக்கம் பாத்துக்குறேன். கயிறு இறுகுறப்ப கிர்ருன்னு ஒரு சத்தம் வரும்ல, அது எனக்கு ஆகாது. என் வில்லுக்கு லூப் கட்டுறது எம் பொண்டாட்டி லீமாரோசுதான். அவ கட்டி முடிக்கிற வரைக்கும் நான் தெருவுல போயி நிப்பேன்.

ஓ, காலையில அதையும் பாத்துட்டியா. இழுத்து இழுத்து, அம்ப விடாமயே இறக்குனேன்ல. கோச்சும் அதுக்குத்தான் வைவாரு. நாளைக்கு செலக்சன், நேரத்துக்குள்ள விடலன்னா அந்த அம்புக்கு மார்க்கு இல்ல, வெளிய வந்துர வேண்டியதுதான். குறி நல்லாத்தான் நிக்கும். வெரலு விசையில இருக்கும். அப்பப் பாத்து அந்தப் பக்கத்துலருந்து யாரோ இழுக்குற மாதிரி இருக்கும். வில்லுதான் இழுக்குதுன்னு தெரியும். தெரிஞ்சாலும் விட முடியல.

யாருன்னா? நீ எங்க ஊரு இல்ல, ஒங்கிட்டச் சொல்றதுக்கென்ன. சகாயவினோத்து. எம் மச்சினன், லீமாரோசோட ஒரே தம்பி. நானும் அவனும் ஒரே விசைப்படகுலதான் போவோம். அன்னைக்கு விடியையில மடி, அதான் இழுவலை, எறக்குறோம். வலை கீழ போகப் போக கயிறு ஓடிக்கிட்டிருக்கு. அந்தச் சுருள்ல கால வச்சுட்டான். சுருக்கு விழுந்து இறுகுச்சு. நான் சொன்னேன்ல ஒரு சத்தம்.

பின்னாடி விளிம்புல போயி அடிச்சுக் கெடந்தான், பாதி ஒடம்பு வெளிய. பாஞ்சு கையப் பிடிச்சுட்டேன். டிரைவரு எஞ்சின நிறுத்துறாரு, எங்க கூட வந்த இஃப்திகாரு கத்தி எடுக்க முன்னுக்கு ஓடுறான். வலை கனம் விடுமா? அவனோட சேந்து நானும் வழுக்கிக்கிட்டே போறேன், இடுப்பு வரைக்கும் வெளிய வந்துட்டேன். மச்சான், விட்ருங்குறான். மாட்டேங்குறேன். அக்கா இருக்கா மச்சான், விட்ருங்குறான். அதுக்கும் நான் விடல.

இஃப்திகாரு கத்தியோட வந்தப்ப அங்கன நான் மட்டும் கெடந்தேன். கயித்த அறுக்க வேணாம், அறுத்தா அவன் கெடைக்கவே மாட்டான்னாரு டிரைவரு. கயித்தச் சுத்தி இழுக்குற விஞ்சப் போட்டு மடிய ஏத்துனாங்க. கயித்தோட வந்தான். கரையில லீமாரோசு அவன் மொகத்தப் பாக்கவே இல்ல. கயிறு அறுத்த அந்தக் காலையே தடவிக்கிட்டிருந்தா.

கையா? ஆமா, இந்த நடு வெரலும் மோதிர வெரலும் மடங்காது. காயம் சீழ் வச்சு, உள்ள நரம்பு போச்சுன்னுட்டாங்க. இத வச்சுக் கடல்ல என்ன வேல பாக்க? கரையில சும்மா கெடந்தவன கோச்தான் இங்கன கூட்டியாந்தாரு. வெறும் வெரலால நாணப் பிடிக்க முடியாது, மணிக்கட்டுல மாட்டுற ரிலீசரு இருக்குன்னு காமிச்சாரு.

இது என்ன தழும்புன்னு லீமாரோசும் கேட்டா. மடியில வந்த மீனு கடிச்சிருச்சுன்னுட்டேன். ஊருக்குள்ளயும் அதத்தான் சொல்லியிருக்கேன். அவ தெனமும் தேங்காண்ணெ போட்டு நீவி விடுவா. எந்தச் சனியன் பிடிச்ச மீனோ, நாசமாப் போகன்னு வஞ்சுக்கிட்டே நீவுவா. நானும் ஆமா ஆமாம்பேன்.

மீனு இல்ல தங்கச்சி. நான் விடலன்னு அவன்தான் கடிச்சான்.