எட்டு மணி அக்காவுக்கு ஐவர் கையொப்பமிட்ட மடல்

இருநூற்றுப் பதினான்கு பம்புகளின் நாடியை இருந்த இடத்திலிருந்தே பிடித்துப் பார்த்தவரே! எண்ணை மதித்து, எண்ணை மட்டும் நம்பாத எச்சரிக்கையின் உருவே! முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காமல் பணியாற்றி, இன்று மாலையோடு விடைபெறும் எங்கள் கண்காணிப்பு அறைத் தலைவியே! வணக்கம். முகம் சுளிக்காமல் என்று எழுதியது மடலின் மரபு கருதி. நீங்கள் சுளித்ததுண்டு, பெரும்பாலும் எங்களைப் பார்த்துத்தான்.

நேரம் தவறாமை, நிதானம் தவறாமை, நெஞ்சில் பட்டதை நேரே சொல்லத் தவறாமை என்னும் மூன்றும் உங்களிடம் ஒருசேரக் குடியிருந்தன. நீங்கள் சேர்ந்த நாளில் பம்புக் குழியின் நீர்மட்டம் அறிய யாராவது பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக் குறித்து வர வேண்டும். பிறகு ஒவ்வொரு பம்பிலும் சிம் கார்டு போட்ட சிறு பெட்டி வந்தது. கைபேசி போல அது நிமிடத்துக்கொருமுறை அளவை அனுப்ப, நாம் அதைத் திரையில் பார்க்கிறோம். அலைந்த கால்களுக்கு ஓய்வு வந்தது; உங்கள் சந்தேகத்துக்கு வரவில்லை.

நாள்தோறும் காலை எட்டு மணிக்கு இரண்டு மூன்று பம்பு நிலையங்களுக்குப் போன் செய்து, "திரை சொல்றது எனக்குத் தெரியுது. மீட்டர் முள்ளு எங்க நிக்குதுன்னு நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்பீர்கள். காவலாளிகள் உங்களுக்கு 'எட்டு மணி அக்கா' என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் சிரித்தோம். உங்கள் கணவரோ, "அடுப்பு எரிஞ்சாலும் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாத்தான் இவளுக்கு நம்பிக்கை" என்று சொல்லி, அந்தச் சிரிப்புக்கு வீட்டு முத்திரையும் குத்தினார்.

இந்த இடத்தில் பாராட்டு மடல்கள் விருதுகளைப் பட்டியலிடும். நாங்கள் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

திரையில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில், அது கடைசியாக வந்த நேரம் ஒரு கட்டத்தில் தெரியும். ஆறு ஆண்டுகளுக்கு முன் முதலாளி பார்வையிட வந்தபோது, திரை பளிச்சென்று இருக்கட்டுமே என்று அந்த நேரக் கட்டத்தை எடுத்துவிட்டோம். அவர் வந்தார், பாராட்டினார், போனார். கட்டத்தைத் திரும்ப வைக்க மறந்தோம்.

நான்காம் நாள், மெக்கானிக்குகளான அண்ணனும் தம்பியும் பம்பு நிலைய ஆழ்குழி ஒன்றின் உள்ளறையில் வால்வு பழுதுபார்க்க இறங்கினார்கள்; குழியில் நீர் ஏறுவது அங்கிருந்து தெரியாது. நீர்மட்டம் அறுபது சென்டிமீட்டரைத் தொட்டால் அவர்களை மேலே அழைப்பது எங்கள் பொறுப்பு. திரையில் நாற்பத்தொன்று என்று பச்சையில் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த நாற்பத்தொன்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். மின்சாரம் போய், ஊறும் நீரை இறைத்துக்கொண்டிருந்த பம்பு நின்றதும், அதே மின்வெட்டில் செல்போன் டவர் படுத்ததும், பெட்டி பேச வழியில்லாததால் திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்ததும் எங்களுக்குத் தெரியவில்லை.

வெளியூரில் ஒரு வாரக் கூட்டம் முடிந்து அன்றுதான் திரும்பி உள்ளே வந்த நீங்கள் நாற்காலியில்கூட உட்காரவில்லை. "இந்த நாப்பத்தொண்ணு எவ்வளவு நேரமா நாப்பத்தொண்ணாவே இருக்கு? ஊறுற தண்ணி இப்படி அசையாம நிக்குமா?" என்றீர்கள். சகோதரர்களின் கைபேசிகள் கிடைக்கவில்லை. எட்டு மணிப் பழக்கத்தில் அந்த நிலைய வாயிற்காவலரின் தரைவழித் தொலைபேசி எண் உங்களுக்கு மனப்பாடம். அவர் ஓடிப்போய்க் குரல் கொடுத்தார். உள்ளறையிலிருந்து ஏணிக்கு வருவதற்குள் இருவருக்கும் தண்ணீர் மார்பளவு ஏறியிருந்தது. இன்று இந்த விடைபெறும் விழாவின் முன்வரிசையில் அவர்கள் உலர்ந்த சட்டையோடு அமர்ந்திருக்கிறார்கள்.

விசாரணை வந்தது. 'நேரக் கட்டம் என் உத்தரவின் பேரில் நீக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தீர்கள். கைக்கு எட்டியிருந்த மண்டலத் தலைமைப் பதவி போயிற்று. ஏன் என்று கேட்டதற்கு, "அஞ்சு குடும்பத்துக்கு வேலை போறதுக்குப் பதிலா எனக்கு ஒரு பதவி போகட்டும். இதை இனிமே பேசக்கூடாது" என்றீர்கள். நாங்களும் பேசவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டோம். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

அம்மையீர், அந்த உத்தரவை நீங்கள் இடவில்லை. கட்டத்தை எடுத்தது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. எடுத்தவர்கள் நாங்கள் ஐவர். இம்மடலின் நகலை எங்கள் கையொப்பத்துடன் இன்று காலையே நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டோம். என்ன முடிவு வரும் என்று தெரியாது. உங்களைக் கேட்டுச் செய்யவில்லை, கேட்டிருந்தால் தடுத்திருப்பீர்கள்.

நீங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். ஆனால் அப்படி எழுதிவிட்டு நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க நீங்கள் எங்களைப் பழக்கவில்லை. எங்களுக்கு இந்த அறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாளை முதல் காலை எட்டு மணிக்கு எங்களில் ஒருவரிடமிருந்து உங்களுக்குப் போன் வரும். எடுத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். தினமும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரே பதில் வந்தால், நேரில் வந்து பார்ப்போம்.

நன்றியுடன் கையொப்பமிடுவோர்,
கண்காணிப்பு அறை ஊழியர்கள்,
அவர்களுள் நேரக் கட்டத்தை எடுத்த ஐவர்.