பேனாட் குடித்த சூப்

மார்கழி மாதம், பின்னேரம் ஐந்து மணி. ஜெர்மனியின் எசன் நகரில் அந்த நேரமே கும்மிருட்டு. முதியோர் இல்லத்திலிருந்து பேருந்துத் தரிப்பிடம் வரைக்கும் ஒரு காட்டுப் பாதை... மனித நடமாட்டமே இல்லை. தபோதரன் தனியே வருகிறான். எங்கள் யோகம் அக்காவின் தம்பிதான். இரக்கமுள்ள பிள்ளை. சிரிக்காதே சஜிதா, அந்த இரக்கம்தான் அவனைக் கெடுத்தது.

அவன் பராமரித்த பேனாட், ஒரு யூதக் கிழவர். கண் தெரியாது. பன்றி தொடமாட்டார். வெளியிலிருந்துதான் அவருக்குச் சாப்பாடு வரும். அது அவர்களுடைய விளக்குத் திருநாள். அதன் கதையை அவரே தபோதரனுக்குச் சொல்லியிருந்தார். அந்தியோகஸ் என்றொரு கிரேக்க அரசன், தன்னையே கடவுள் என்றவன். எருசலேம் கோயிலில் பன்றியைப் பலியிட்டவன். எலெயாசர் என்ற கிழவரின் வாயிலும் பன்றியைத் திணித்தார்கள். "சாப்பிட்டமாதிரி நடியுங்கோ, விட்டிடுவினம்" என்று சிநேகிதர்கள் கெஞ்சினார்கள். அவர் துப்பிவிட்டுச் செத்தார்.

இந்த இரவுக்கு முதல்நாள் கடும் பனி. சாப்பாட்டு வண்டி வரவில்லை. பேனாட்டுக்குப் பாண் ரொட்டியைச் சப்ப ஏலாது. பசியில் மேசையைத் தடவிக் கரண்டியைத் தேடினார். சமையலறையில் பட்டாணி சூப் இருந்தது... புகையூட்டிய பன்றித் துண்டு போட்டது. தபோதரன் கிண்ணத்தில் ஊற்றினான்.

"உங்கட சாப்பாடு வந்திட்டுது."

கிழவர் மணந்து பார்த்தார். "என்ன இது?"

"கோழிதான். பயப்படாமல் குடியுங்கோ."

"நீ சொன்னால் சரி" என்றார். செபம் சொன்னார். கரண்டி கிண்ணத்தை உரச உரச, மிச்சம் வைக்காமல் குடித்தார். நாளைக்கு உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று தபோதரன் நினைத்திருந்தான். விடிந்தபோது கட்டில் வெறுமை; கிழவர் இரவே செத்துப்போயிருந்தார்.

அந்தப் பாதையில் அதையே நினைத்து அழுதுகொண்டு வருகிறான். அந்த அரசன்கூடப் பன்றி என்று சொல்லித்தானே கொடுத்தான். நான் அதைக்கூடச் சொல்லவில்லையே...

பின்னால் ஒரு சத்தம்.

கிர்ர்... கிர்ர்... கரண்டி கிண்ணத்தை உரசும் சத்தம். அணைந்த மெழுகுதிரியின் மணம். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஓட்டம்.

வீட்டில் திருவெம்பாவை விரதத்துக்கு மீன், இறைச்சி என்று மச்சமே இல்லை. மனைவி கலாதேவி சோறும் பருப்பும் போட்டாள். ஒரு வாய் வைத்தான். புகையூட்டிய இறைச்சியின் ருசி.

"இதுக்குள்ள என்ன போட்டனீர்?"

அவள் அகப்பையோடு திரும்பினாள். அவன் இருந்த கதிரைக்குப் பக்கத்திலிருந்து, கோபமே இல்லாத ஒரு கிழட்டுக் குரல், ஜெர்மன் மொழியில்...

"கோழிதான். பயப்படாமல் சாப்பிடு."

தன் பிரமை என்றுதான் தபோதரன் நினைத்தான். கலாதேவியின் கையிலிருந்து அகப்பை விழும் வரைக்கும்.

"இஞ்சருங்கோ... ஆரப்பா அது?"