பேசிக்கிட்டே இரு

அந்தக் கல்லூரியின் ஸ்டுடியோவில் ஒரு விதி உண்டு. அதை யாரும் எழுதி ஒட்டவில்லை. பாடமாக நடத்தவும் இல்லை. செய்தி வாசிக்க உட்காருகிறவரின் இடது காதில் ஒரு சிறு கருவியைச் செருகிவிடுவார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அதன் வழியே பேசுவார். மெதுவாகப் படி... நிமிர்ந்து உட்கார்... அடுத்த செய்திக்குப் போ... எது சொன்னாலும் செய்ய வேண்டும். பதில் மட்டும் சொல்லக் கூடாது. காதுக்குள் பேசுகிற குரல் ஒருவருக்கு மட்டுமே உரியது. அது இருப்பதாகவே வெளியில் காட்டிக்கொள்ளக் கூடாது.

நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலையும் சாத்திவிடலாம்.

இது என் அறைத்தோழனின் பெரியம்மா மகளுக்கு நேர்ந்தது. இன்றும் அவள் கைக்குட்டையால் வாயை இறுகக் கட்டிக்கொண்டுதான் தூங்கப் போகிறாளாம். கேட்டால் பல்வலி என்பாளாம்.

அப்போது அவள் இதழியல் முதுகலையின் கடைசிப் பருவத்தில் இருந்தாள். வாய் ஓயாதவள் என்பதால் தம்பி அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தான். அவனோ நெடுநெடுவென வளர்ந்து, எந்த நிலைப்படியிலும் தலை இடிக்காமல் நுழையத் தெரியாதவன். பதிலுக்கு அவள் வைத்த பெயர் 'ஒட்டடை'. இரண்டு பெயர்களும் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

முந்தைய பருவத் தேர்வில், வாசிப்பின் நடுவே, "மைக்கைச் சட்டையில மாட்டியிருக்கியா?" என்று காதில் கேட்டது. அவள் கேமராவைப் பார்த்துப் புன்னகையோடு, "மாட்டியிருக்கேன் அண்ணே" என்றாள். தேர்வு போயிற்று. மானமும் போயிற்று. அதன் பிறகு வகுப்பில் அவள் பெயரைக் கூப்பிட்டால் பின்வரிசையில் யாராவது, "மாட்டியிருக்கேன் அண்ணே!" என்று ராகம் போடாமல் இருந்ததில்லை. அந்த அண்ணன் ஸ்டுடியோவின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். பாவம், அவருக்கே அது சங்கடமாக இருந்தது.

மறுதேர்வு நாள். மாலை ஆறரை மணி. நல்ல மழை. மற்றவர்கள் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கட்டடத்தில் அவளும் அண்ணனும் மட்டும். பதிவைப் பேராசிரியர் மறுநாள் பார்த்து மதிப்பெண் போடுவார். இதிலும் தோற்றால் பட்டம் இல்லை.

அழைத்துப் போகத் தம்பி வருவதாக இருந்தது. ஏரியை ஒட்டிய சாலை... விளக்கே இல்லாத சாலை. உள்ளே போவதற்கு முன் அவனுக்குப் போன் செய்தாள்.

"அந்த மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு வா. இல்லன்னா லாரிக்காரன் கண்ணுக்கு நீ தெரிய மாட்ட."

"போட்டா ஊருக்கே தெரிவேன், ரேடியோ. மானம் போயிடும்."

"போனா போகுது. போடுடா."

பிறகு போனைப் பையில் போட்டு வெளியே வைத்துவிட்டு உள்ளே போனாள். கனமான கதவு மூடிக்கொண்டது. 'ம்ப்' என்றொரு சத்தம்... காது அடைத்தது. மழை இல்லை, உலகமே இல்லை. சூடேறிய விளக்குகளின் வாடை. அவற்றின் கூச்சத்தில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பழைய கம்பளத்தின் தூசி வாடை. தலைக்கு மேல் ஏசியின் ரீங்காரம்.

"மூணு... ரெண்டு... ஒண்ணு... பேசு."

அவள் வாசித்தாள். ஒரு தடுமாற்றமும் இல்லை. கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'போதும்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

"நிறுத்தாத. பேசிக்கிட்டே இரு."

இதில் வியப்பில்லை. அடுத்த நிகழ்ச்சி தயாராகும்வரை இழுத்துப் பேசத் தெரிகிறதா என்று பார்ப்பதும் தேர்வில் உண்டு. மழையைப் பற்றிப் பேசினாள். வெள்ளத்தைப் பற்றிப் பேசினாள். வாய் வறண்டது.

"இப்ப வந்த செய்தி. நான் சொல்றதைச் சொல்லு."

அதுவும் பழக்கம்தான். காது கேட்கக் கேட்க, அரை அடி பின்னால் வாய் சொல்லிக்கொண்டே போகும்.

"இந்த அறையின் ஏசி நின்றுவிட்டது," என்றது குரல்.

"இந்த அறையின் ஏசி நின்றுவிட்டது," என்றாள்.

ரீங்காரம் நின்றது.

அண்ணன் விளையாடுகிறார் என்று நினைத்தாள். அவருடைய குரல்தான். ஆனால் அப்போதுதான் கவனித்தாள்... அது வாக்கியங்களுக்கு இடையே மூச்சு வாங்கவில்லை.

"இந்த அறையின் கதவு திறக்கவில்லை."

"இந்த அறையின் கதவு திறக்கவில்லை," என்றாள்.

சொல்லி முடித்த கணத்தில் கதவின் சின்னக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. அண்ணன். ஒரு கையில் டீ டம்ளர். மறுகையால் கைப்பிடியை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். டம்ளர் நழுவியது, சத்தம் வரவில்லை. இரண்டு கைகளாலும் கதவை அறைந்தார். அதற்கும் சத்தம் வரவில்லை.

அண்ணன் அங்கே நின்றுகொண்டிருந்தார். அண்ணனின் குரல் இங்கே, காதுக்குள், நிதானமாகத் தொடர்ந்தது.

"ஏரிச் சாலையில் விபத்து."

"ஏரிச் சாலையில் விபத்து..." நாக்கு தானாகச் சொல்லியது. ஒரு வருடத்துப் பயிற்சி.

"மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர்..."

"மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர்..."

மூடிய அறைக்குள் பாசி வாடை அடித்தது. ஈரச் சேற்றின் வாடை.

"மஞ்சள் மழைக்கோட்டு அணிந்திருந்தவர்..."

"மஞ்சள்... மழைக்கோட்டு அணிந்திருந்தவர்..."

"வீட்டில் ஒட்டடை என்று அழைக்கப்படுபவர்..."

"வீட்டில்... ஒட்டடை என்று அழைக்கப்படுபவர்..."

"இறந்தார்."

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லு. ஒரே சொல்தான் மிச்சம்."

முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"மூணு... ரெண்டு..."

காதுக் கருவியைப் பிடுங்கி மேசைமேல் வீசினாள்.

வெளியே அண்ணன் பத்து நிமிடம் கதவோடு மல்லுக்கட்டினார். பிறகு, 'ம்ப்.' கதவு திறந்தது.

அண்ணன் தடுமாறி உள்ளே விழுந்தார். அவருக்குப் பின்னால், தலையை நிலையில் இடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஒரு மஞ்சள் கோட்டு. முழங்காலில் சேறு. முகம் வெளுத்திருந்தது.

"ஏரிச் சாலையில வழுக்கிடுச்சு, ரேடியோ. நேரா தண்ணிக்குள்ளதான் போயிருக்கணும். கரை விளிம்புல வண்டி அப்படியே நின்னுடுச்சு. யாரோ பாதியில பிடிச்சு நிறுத்தின மாதிரி..."

"செய்தி முடிஞ்சதுமே 'போதும்மா, எழுந்திரு'ன்னு காதுல சொல்லிட்டுத்தானே டீ குடிக்கப் போனேன்," என்றார் அண்ணன். மூச்சு வாங்கியது அவருக்கு. "உனக்குக் கேக்கலையா?"

அவள் மேசையைப் பார்த்தாள். காதுக் கருவி அங்கே சுருண்டு கிடந்தது.

"எதிர்லதான் நிக்கிறான்," என்றது குரல், இடது காதுக்குள். "அந்த ஒரு சொல்... இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு. தூக்கத்துல உளறினாலும் போதும். எனக்கு அவசரம் இல்ல."

கேமராவின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தம்பி அவள் தோளைத் தொட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்த்தாள்.

"நீ பேசிக்கிட்டே இரு," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் சொல்ல மாட்டேன்."