ஏழாவது குண்டு

பேய்ப் படங்கள் பார்த்து நான் பயந்ததே இல்லை. தவறுகள்தான் கண்ணில் படும்.

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். சனிக்கிழமை சாயங்காலங்களில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். கதாநாயகன் பேயைச் சுட ஆரம்பித்தால் எல்லோரும் சத்தமாக எண்ணுவோம். ரிவால்வரில் ஆறு குண்டுதானே. ஆறு வந்ததும் கூட்டம் "காலி!" என்று கத்தும். அதற்குப் பிறகும் அவன் சுடுவான். இந்த எண்ணும் வழக்கத்தைத் தொடங்கியவன் பக்கத்து வீட்டு வெல்டர் ஜெயபால். "நைனா, ஏழாவது குண்டு உன் மாமியார் ஊட்லேர்ந்து வந்துச்சா?" என்பான். என் மனைவி செலின் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"செத்துப்போன பேயை எதுக்குச் சுடறான்?" என்று அவள் கேட்பாள்.

ராணுவத்தில் இருந்த என் அப்பாவின் கைத்துப்பாக்கி உரிமத்தோடு எனக்கு வந்திருந்தது. 1988இல், ஈஸ்டருக்கு மறுநாள், அதைச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று ஜெயபால் நச்சரித்ததால் மூவரும் ஏரிக்கரைக்குப் போனோம்.

"குடு அண்ணாத்தே" என்று வாங்கி, பால் பவுடர் டப்பாவைக் குறிவைத்துச் சுட்டான். செலின் எண்ணினாள். ஆறு.

"காலி! இப்ப பேய் வரலாம் அண்ணி."

அவள் கூந்தலை அவிழ்த்து, கைகளை நீட்டிக்கொண்டு வந்தாள். அவன் சிரித்தபடியே துப்பாக்கியை அவள் பக்கம் திருப்பி விசையை இழுத்தான். குண்டு கழுத்துக்குக் கீழே நுழைந்தது. என் சட்டையைக் கழற்றி அடைத்தேன். சட்டை ஊறிப் போனது. அவள் வாய் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது.

கோர்ட்டில் கவனக்குறைவு என்றார்கள். அவனுக்கு இரண்டு வருடம். என் உரிமம் போயிற்று.

விடுதலையாகி நேற்று மத்தியானம் நேராக என் வீட்டுக்கு வந்தான். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

"நான் எண்ணிக்கினுதான் இருந்தேன் அண்ணாத்தே. ஆறுதான் சுட்டேன்."

தண்ணீர் கொடுத்தேன். அவன் குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மிக் குழவியை எடுத்தேன். முதல் அடியில் டம்ளர் உருண்டது. மூன்றாவதில் குரல் நின்றது. ஆறாவதற்கு மேல் முகம் என்று எதுவும் இல்லை. அவனாக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பான். நான் ஒன்பது வரை எண்ணினேன்.

ஏன் ஒன்பது என்று கேட்டீர்கள். அந்தத் துப்பாக்கியில் ஒன்பது குண்டு. அன்று காலை நிரப்பியவன் நான். அவன் "காலி" என்றபோது மூன்று பாக்கி இருந்தது எனக்குத் தெரியும். ஊருக்கே எண்ணக் கற்றுக்கொடுத்தவன் செலின் முன்னால் ஒருமுறை அசடு வழியட்டும் என்று பேசாமல் நின்றேன். அவள் கூந்தலை அவிழ்த்ததையும் பார்த்தேன், அவன் கை திரும்பியதையும் பார்த்தேன்.

ஆனால் சுட்டது அவன்தான் ஐயா. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.