ஆர்லோ பெட்ரிக்கின் வேலிக் கதவு

வேலிக் கதவை எப்படி விட்டுப் போவது என்று தெரியாதவனுக்கு எங்கள் பக்கம் ஓட்டு விழாது. வயோமிங்கில் ஐந்து முறை செனட்டராக நின்று ஜெயித்தவன் சொல்கிறேன், மேடம், நீங்கள் நம்பலாம். வரி, பள்ளிக்கூடம் என்று மேடையில் எதைப் பேசினாலும் ஜனங்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அடுத்தவன் நிலத்தைக் கடக்கும்போது திறந்திருந்த கதவைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போகிறானா என்று மட்டும் கவனிப்பார்கள். நீங்கள் தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரி, அதனால்தான் இதிலிருந்து தொடங்குகிறேன்.

நோரீன் கொடுத்த காகிதத்தை மேஜையில் வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. இப்போதெல்லாம் எதைச் சொல்லத் தொடங்கினாலும் பாதியிலேயே அலுப்புத் தட்டிவிடுகிறது.

சட்டசபை ஜனவரியில் கூடி மார்ச் வரை நடக்கும். மாடுகள் ஈனும் காலமும் அதுதான். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் ஒரு கன்றைக்கூட வளர்த்திருக்க மாட்டான். நான் தலைநகரம் ஷையானில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, என் தலையீற்றுக் கிடாரிகளைப் நோரீனின் புருஷன், பக்கத்துப் பண்ணை ஆர்லோ பெட்ரிக்தான் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டான். கன்று குறுக்கே கிடந்தால் தோள்வரை கையை விட்டுத் திருப்பி எடுப்பான். கூலிப் பேச்சை எடுத்தால் முகம் சுளிப்பான். மே மாதம் கன்றுகளுக்குச் சூடு போடும் நாளில், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆப்பிள் பை பலகாரத்தில் இரண்டு துண்டு கூடுதலாகத் தின்பான், அவ்வளவுதான்.

நானும் உங்களைப்போல் மாட்டுக்காரன் என்று மேடையில் சொன்னால் கைதட்டு விழும். என் கையில் சாணி பட்டுப் பல வருஷமாகியிருந்தது எனக்கும் ஆர்லோவுக்கும் மட்டும் தெரியும். அவன் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம், குழாய் போடும் கம்பெனி ஒன்று பண்ணை நிலத்தை எடுத்துக்கொள்ள வழிவிடும் மசோதாவுக்கு நான் ஓட்டுப் போட்டேன். குழாய் ஆர்லோவின் மேய்ச்சல் நிலத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும். என் நிலத்தைத் தொடாது. அது தற்செயல்.

மே முதல் வாரம், சூடு போட்ட மறுநாள், அவன் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"அடுத்த வாரம் மனு குடுக்கப் போறேன், மெர்ல். வேற எவன் வாயாலயும் நீ கேக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"என்ன மனு?"

"உன் சீட்டுக்குத்தான்."

சிரித்துவிட்டேன். "மைக்கைப் பாத்தாலே உனக்கு நாக்கு ஒட்டிக்குமேப்பா."

"ஒட்டிக்கும்தான். நோரீன் எழுதிக் குடுப்பா, நான் பாத்துப் படிப்பேன்." காபியைக் குடித்து முடித்தான். "நேத்து காது கிழிஞ்ச செவலப் பசுவக் காட்டி, இது யாரோடதுன்னு கேட்ட பாரு. அது உன்னோடது, மெர்ல். ரெண்டு தடவ நான்தான் அதுக்குக் கன்னு எடுத்துவிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அவன் வருத்தப்பட்டுச் சொன்னான்.

அவன் நின்றால் நான் தோற்பேன். இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் அவன் கை படாத மந்தை இல்லை. தோற்ற பிறகு நான் யார்? தன் மாட்டையே அடையாளம் தெரியாத மாட்டுக்காரன். எனக்குப் பயமாக இருந்தது, மேடம். அதை மறைக்க இனி எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், மே மாதத்திலும் எங்களை விடாத பனிப்புயல் ஒன்று வடக்கிலிருந்து வருவதாக ரேடியோ சொன்னது. என் வீட்டுக்கு வரும் மண்பாதை ஆர்லோவின் மேய்ச்சல் நிலத்தில்தான் போகிறது. தெற்குக் கதவை அவன் அகலத் திறந்து, காற்றில் ஆடாதபடி சணலால் கம்பத்தோடு கட்டியிருந்தான். பனிப்புயலில் மாடு காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டே இருக்கும். கதவு திறந்திருந்தால் ஓடைப் பள்ளத்தில் இறங்கி மரங்களுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். மூடியிருந்தால் வேலியில் முட்டி நிற்கும், பின்னால் வருவது அதன் மேல் ஏறும். எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

சணலை அவிழ்த்து, கதவை மூடிவிட்டு, வண்டியில் ஏறிக்கொண்டேன். மந்தை செத்தால் அவனுக்கு மனு கொடுக்கவெல்லாம் மனசு இருக்காது என்று நினைத்தேன். மனுஷ உயிரைப் பற்றி நினைக்கவே இல்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஏழரைக்குப் போன் அடித்தது. வெளியே கை நீட்டினால் கை தெரியாத பனி.

"மெர்ல், மாடு ஒண்ணும் கண்ணுல படல. முந்தாநாள்... இல்ல, நேத்துதானே நீ அந்த வழியா வந்த? தெக்குக் கதவு தெறந்திருந்துச்சா?"

"தெறந்துதான் இருந்துச்சு. நீ கட்டி வெச்ச மாதிரியே."

"நல்லதாப் போச்சு. அப்பப் பள்ளத்துலதான் இருக்கும். குதிரைக்குச் சேணம் கட்டிக்கிட்டுப் போய்ப் பாக்குறேன்."

"பாத்துப் போப்பா."

மூடியிருந்தது என்று சொல்லியிருந்தால், வேலியைப் பிடித்தபடியே போய், வேலியைப் பிடித்தபடியே திரும்பியிருப்பான். கதவுப் பக்கம் போகாமல் அவன் வீட்டிலிருந்து நேரே இறங்கும் பள்ளத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. மத்தியானம் குதிரை மட்டும் வீட்டுக்கு வந்தது. நாலாம் நாள் பனி அடங்கிய பிறகுதான் ஓடைக்கரையில் அவனைக் கண்டெடுத்தோம். முதலில் பார்த்தது நான். வேலியோரம் நூற்றுநாற்பது மாடுகள் கிடந்தன. வயசாகிவிட்டது, அவனே மறந்துபோய்க் கதவை மூடியிருப்பான் என்று ஊரில் பேசினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

"அவரு என்னை வேணா மறப்பாரு, கதவ மறக்க மாட்டாரு" என்று நோரீன் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சவ அடக்கத்தில் அவள் கேட்டுக்கொண்டதால் நான் பேசினேன். மொத்தச் சபையும் அழுதது, நானும் அழுதேன். பேச்சை எழுதிவைத்திருந்த காகிதத்தை பைபிளுக்குள் வைத்துக்கொள்ளக் கேட்டாள். கொடுத்தேன். நவம்பரில் என்னை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

உடனே திருப்பிப் போன் செய்து உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். செய்திருக்கலாம். அவன் சேணம் கட்டி முடிக்கக் கால்மணி நேரமாவது ஆகும், போன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆள் வேண்டுமே என்று தோன்றியது. என்னைவிட அவனைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? காகிதத்தை எடுத்தேன். எதை எழுதினாலும் முதலில் தேதியும் நேரமும் போட்டுவிட்டுத்தான் தொடங்குவேன், சட்டசபையில் வந்த பழக்கம். எட்டு மாதம் கழித்துத்தான் நோரீன் கண்ணில் அது பட்டிருக்கிறது. மே எட்டு, காலை ஏழு நாற்பது. அப்போது ஆர்லோ தன் வீட்டு வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான்.

அதைப் படித்துப் பாருங்கள், மேடம். அவனைப் பற்றி ஒரு வார்த்தையாவது நான் பொய்யாக எழுதியிருக்கிறேனா, சொல்லுங்கள்.