கிழிஞ்ச சப்பான் குடை

இல்ல ஐயா, என்ட மகள் செய்யல்ல எண்டு சொல்ல நான் வரல்ல. அன்னப்பூரணிதான் கோமளத்துட குடையைக் கிழிச்சவ. வெத்திலைக்குப் பாக்கு வெட்டுற கத்தியால. ஒவ்வொரு கம்பிக்கும் நடுவால, சீலையை மட்டும். நல்லா ஆறுதலாத்தான் செஞ்சிரிக்கா.

கோமளத்துட தாய் வந்து கத்தினாவாம். நனைஞ்ச குடையை விறாந்தையில வைக்கச் சொன்னது பள்ளிக்கூடம், அப்ப அதைப் பார்க்கிறதும் பள்ளிக்கூடந்தானே எண்டு. ஞாயமான கேள்வி. அவவோட எனக்குப் பேச்சில்ல, எண்டாலும் ஞாயம் ஞாயந்தான். புள்ளையள் கொண்டு வாற சாமானுக்கு நாங்க பொறுப்பில்ல எண்டு சொன்னீங்களாம். அப்ப இந்த மாரி மழைக்கு என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு வாற, ஐயா? வாழையிலையையா?

சரி சரி, கோவிக்காதீங்க. கிழிச்சது நீங்க இல்லத்தானே. இந்தாங்க, இது என்ட குடை. கறுப்புத்தான், ஒரு கம்பி கொஞ்சம் ஆடும். கோமளத்துக்குக் குடுங்க. எனக்கு நனைஞ்சு பழக்கம். மகளைப் பள்ளியால நிப்பாட்டாதீங்க, அது காணும். மத்தது, அவையள் ரெண்டு பேரையும் ஒரு வாங்குல இருத்தாதீங்க.

ஏன் கிழிச்சாவா? நானும் கேட்டன். அடிச்சன், அழவுமில்ல. பொறகு சோத்தைத் திண்டு கை கழுவிப்போட்டு, அது எங்கட வண்டில்ல வந்த குடை எண்டா.

இவட தகப்பன் நெல்லுக் கொண்டு மட்டக்களப்புக்குப் போய் வந்தவர். வண்டில்ல வைக்கலுக்குள்ள ஒரு பூப்போட்ட சப்பான் குடை. இவ கண்டுட்டா. பொங்கலுக்குத் தனக்குத்தான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாம இருந்திரிக்கா. திங்கக்கிழமை பார்த்தா கோமளம் அதைப் பிடிச்சுக்கொண்டு பள்ளிக்கூடப் படலையால வாறா.

சேச்சே, களவில்ல ஐயா. அந்தப் புள்ளையில ஒரு குத்தமும் இல்ல. அவர் குடுத்ததுதான். ஆசையாத்தான் குடுத்திருப்பார்.

நீங்க இந்த ஊருக்குப் புதுசு, ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு ரெண்டு தகப்பன்மாரும் வரோணும் எண்டு சொல்லி அனுப்பியிரிக்கீங்க. வரட்டும், விசாரிங்க. எங்கட வீட்டில அவரைக் கோணாமலை எண்டுற. அங்கால, வயல் வட்டைப் பக்கத்துக் கோமளத்துட வீட்டில, பெரியதம்பி எண்டுற. ரெண்டு வீட்டுக்கும் ஆள் அனுப்பாதீங்க ஐயா, வீண் நடை. ஒரு வீட்டில சொன்னாக் காணும். வரப்போறது ஒரு ஆள்தான்.